முப்பத்தேழாவது படம்

ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. காமிராவின் தலையில் பொட்டளவு கண்ணாடி ஜன்னல், அதற்குள் முப்பத்தைந்து என்ற எண். சுருளில் மொத்தமே முப்பத்தாறு. அந்தக் கடைசி ஒன்று அத்தைக்கு என்று வீடே முடிவு செய்து வைத்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் சிரித்தால் ராயபுரம் ரயில்வே மதில் வரைக்கும் கேட்கும். ஸ்டுடியோ விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ரேஷன் வரிசையில் நிற்கிற முகம் வந்துவிடும். அந்த முகம் அதற்கு முன் இரண்டு மாப்பிள்ளை வீடுகளுக்குப் போய், போன கவரிலேயே திரும்பி வந்திருந்தது. மூன்றாவதாக மணலி புதுநகரிலிருந்து கேட்டார்கள். படத்தில் முகம் பிடித்துப்போனால்தான் பெண் பார்க்க வருவார்களாம். ஸ்டுடியோ வேண்டாம், வீட்டுப் பின்பக்கத்தில் நல்ல வெயிலில் தம்பி எடுக்கட்டும் என்றார் அப்பா.

தம்பி என்றால் என் சித்தப்பா. கப்பலில் சமையல்காரர். சிங்கப்பூரில் வாங்கிய காமிராவைக் கைக்குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு அலைவார். மறுநாள் விடியற்காலை அவரும் காமிராவும் கப்பலேற வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்பது ஒரு துணி துவைக்கும் கல், ஒரு செம்பருத்தி, ஒரு கறுத்த சுவர். துறைமுகத்தில் இறங்கும் கரி அப்போதெல்லாம் யாரையும் கேட்காமல் எங்கள் தெருவுக்கு வந்து போகும். காயப்போட்ட துணியில், குழம்பின் மேல், காது மடலில் எல்லாம் உட்காரும். இலை என்றால் பச்சை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களுக்கு இலை கறுப்பு. மழை பெய்த மறுநாள் மட்டும் பாடப்புத்தகம் நிஜமாகும்.

சுவரை மறைக்க வெள்ளைப் போர்வை எடுக்க சித்தப்பா உள்ளே போனார். போகும்போது காமிராவை என் கழுத்தில் மாட்டினார். எனக்கு ஒன்பது வயது.

"புடிச்சுகினு நில்லு. பட்டன அமுக்கின, கைய ஒடிச்சுடுவேன்."

அமுக்கமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தோடுதான் செம்பருத்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

கறுத்த இலைகளுக்கு நடுவில் ஒரு துண்டுப் பச்சை. கும்பிடுபூச்சி. அது ஒன்றுதான் அந்தச் செடியில் கரி படியாமல் இருந்தது. கைகூப்பி நின்றது. பக்தியாய், அசையாமல், வெள்ளிக்கிழமை அம்மாவைப் போல. கிட்டே போனேன். கூப்பிய கைகளுக்குள் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி இருந்தது. ஒரு சிறகு இன்னும் மெல்ல விரிந்து மூடியது. கும்பிடுபூச்சி அவசரமே இல்லாமல் கடித்துக்கொண்டிருந்தது, நாம் சோளக்கதிர் தின்பதைப் போல. எனக்கு வந்தது அழுகையா, சந்தோஷமா, இன்றும் தெரியாது. கண் தானாகக் காமிராவுக்குள் போனது. வளையத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்து, முள் முள்ளாய்க் கை, பொடி உதிரும் சிறகு, என் பக்கமே திரும்பிய முக்கோணத் தலை.

நான் அமுக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் விரல் என்னுடையது.

'கிளிக்' என்ற சத்தத்துக்கு முதலில் வந்தது அத்தை. பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம்.

"இன்னாடி சத்தம்?"

"அத்தே, இது சாமி கும்புடல. துன்னுகினு கீது."

அத்தை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். பிறகு காமிராவின் ஜன்னலைப் பார்த்தாள். முப்பத்தாறு.

"அடிப்பாவி, என் போட்டோவையும் சேத்து துன்னுட்ச்சேடி!"

போர்வையோடு வந்த சித்தப்பா எண்ணைப் பார்த்துத் துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா வந்தார். விஷயம் புரிந்ததும் அவர் குரல் தெருவுக்கே போனது.

"பூச்சிக்கா மாப்ள பாக்குறோம்? சொல்லுடி, பூச்சிக்கா?"

"கத்தாதண்ணே," என்றார் சித்தப்பா. "முப்பத்தாறுன்னு எழுதியிருந்தா முப்பத்தேழு வரும். பிலிம கொஞ்சமா இழுத்து மாட்டிகீறேன். கப்பல்ல எல்லாரும் அப்படித்தான் எடுப்போம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்துக் காமிராக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆசையாகப் பார்த்து மாட்டினால் சுருள் ஒன்றை இனாமாகத் தரும். சுருளை அடுத்த படத்துக்கு நகர்த்தும் கைப்பிடியைச் சித்தப்பா தள்ளினார். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கர்ரக் என்றது. நகர்ந்தது.

"பாத்தியா? நில்லு பாப்பா, நேரா நில்லு!"

அப்பா போர்வையைச் சுவர் ஆணியில் மாட்ட, அதன் முன்னால் அத்தை நேராக நின்றாள். ரேஷன் முகம் வரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஆணி பிடுங்கிக்கொண்டு போர்வை அப்பாவின் தலைமேல் விழுந்தது. உள்ளேயிருந்து அப்பா என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். அத்தைக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சித்தப்பா அமுக்கிவிட்டார்.

மறுநாள் அவர் சுருளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போய்விட்டார். மூன்று நாள் கழித்து அப்பா லேபிலிருந்து கவரோடு வந்தார். கடைசிப் படத்தை உருவித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன்.

நகர்ந்தது கைப்பிடி மட்டும்தான். உள்ளே சுருள் முடிந்துபோய், ஓரத்துத் துளைகள் கிழிந்து, நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு படம், ஒன்றின்மேல் ஒன்று. கறுத்த இலைகள் இருந்த இடத்திலெல்லாம் அத்தையின் முகம் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தெரிந்தது. அவள் கறுத்த தலைமுடியில், வகிட்டுக்குச் சற்று மேலே, பச்சைப் பசேலென்று கும்பிடுபூச்சி. காதோரம் ஒரு மஞ்சள் சிறகு.

"பூ வெச்ச மாதிரிதான் கீது," என்றாள் அம்மா, எனக்காக.

"நாளைக்கு ஸ்டுடியோவுக்குக் கெளம்பு," என்றார் அப்பா அத்தையிடம்.

அத்தை படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் வர்லண்ணே. இத்தினி போட்டோல இது ஒண்ணுதான் என்ன மாதிரி கீது. இத்தயே அனுப்பு."

"பாத்தா அவங்க இன்னா நெனப்பாங்க?"

"பொண்ணு தலைல பூச்சி கீதுன்னு நெனப்பாங்க. பேனுன்னா நெனப்பாங்க?"

அவளே கவரில் போட்டு ஒட்டினாள்.

ஒரு வாரம் பதில் இல்லை. வாசலில் யார் செருப்பு உரசினாலும் தபால்காரரா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். இந்தக் கவரும் திரும்பி வந்தால் அது என் விரலால்தான். சாமி படத்துக்கு முன் கை கூப்புவேன். கூப்பிய கைகளைப் பார்த்ததும் அந்த மஞ்சள் சிறகு ஞாபகம் வந்து அவசரமாகப் பிரித்துவிடுவேன்.

கவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே வந்தார், அவருடைய அம்மாவோடு, இரண்டு பஸ் மாறி. ஒல்லியாக இருந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை. அத்தை காபியோடு வந்தபோதும் நிமிரவில்லை. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவைக் கேட்டார்.

"அந்தப் பூச்சி... இன்னும் கீதா?"

அப்பா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "போய்க் காட்டு. அத்தையையும் கூட்டிகினு போ," என்றார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படியொரு பொறுப்பை யாரும் தந்ததில்லை. செம்பருத்தியின் முன் மண்டியிட்டு இலை இலையாகப் புரட்டினேன். விரலெல்லாம் கரி. அவர்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"பொம்பள பூச்சி, கட்டிக்கிட்ட ஆம்பள பூச்சியையே துன்னுடுமாம்," என்றாள் அத்தை.

"தெரிஞ்சுதான் வந்துகீறேன்," என்றார் அவர்.

"இது பட்டாம்பூச்சிய மட்டுந்தான் துன்னுச்சு," என்று நான் திருத்தினேன். உண்மையை யாராவது சொல்லவேண்டும் இல்லையா? இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தையின் சிரிப்பு மதில் வரைக்கும் போய் வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தேன். அடிக்கிளையில், இலைக்குக் கீழே தலைகீழாக, கைகூப்பி நின்றது.

"இங்க கீது! இங்க கீது!"

யாரும் குனியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை துவைக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் பார்க்க என்ன இருந்ததோ. நான் மறுபடி கத்தினேன். "ம்" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணலி புதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி இதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். கண்ணுக்கு எதிரே காட்டியும் பார்க்கவில்லை. இவ்வளவு கவனக்குறைவான ஆளுக்கு அத்தையைக் கொடுக்கவே கூடாது என்று, கரி படிந்த கையோடு, நேராக அப்பாவிடம் சொல்லப் போனேன்.