தூளியில் ஆடிய பெட்ரோல் டேங்க்

அருளானந்து சித்தப்பா, உங்கள் வண்டி இன்று காலையும் ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. நான்தான் உதைத்தேன். உதைத்துவிட்டுப் பழக்கத்தில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஆளில்லாமல் அது பாட்டுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. என் அப்பாவுடைய தம்பிதான் சித்தப்பா. புதுக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கிடங்கிலிருந்து அதைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரோ அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த குட்டி மோட்டார் சைக்கிளாம். சக்கரம் தோசைக்கல் அளவு. கைப்பிடி இரண்டும் உள்பக்கமாக மடங்கும். சீட் என் இடுப்பு உயரம்தான். கிடங்கில் கோழிகள் அதன்மேல் அடைந்து அடைந்து சீட்டில் ஒரு குழியே விழுந்திருந்தது.

அப்பா சுற்றி வந்து பார்த்தார்.

"வண்டி வாங்கப் போனியா, கோழிக்கூடு வாங்கப் போனியா? அடியில முட்டை கெடக்கா பாரு."

"சிரிங்கண்ணே, சிரிங்க. ஓடுறப்ப பாருங்க."

"ஒனக்கு எதுக்குடா வண்டி? எங்க போகணும்னாலும் நான் கூட்டிக்கிட்டுப் போறேன்ல? பின்னாடி உக்காந்து வர வேண்டியதுதானே?"

சித்தப்பா குனிந்து சீட்டிலிருந்த கோழி இறகை எடுத்துப் போட்டார். கடைசியில் அப்பாவே ஒரு கெடு வைத்தார். எங்கள் ஊர் அந்தோணியார் திருநாளில் பூசை முடிந்ததும் சாமியார் ஊர் வண்டிகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

"அன்னிக்கு இது தானா ஓடிவந்து கோயில் வாசல்ல நிக்கணும். தள்ளிக்கிட்டு வந்தியோ, அங்கிட்டிருந்து நேரா பழைய இரும்புக் கடைதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனென்றால் அது எனக்கு வாங்கிய வண்டி. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த உயரத்துக்கு வீட்டில் நான் ஒருத்திதானே இருந்தேன்?

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு மெக்கானிக் வேலை. சித்தப்பா இடது தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடந்து ஸ்பேனர் எடுத்து வருவார். சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன கால் அது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவர் நடை அதுதான். நானும் அப்படியே நடந்து காட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தோம். கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவினோம்.

"பழைய வண்டிக்கு மொத வைத்தியம் டேங்க்குக்குத்தான். அதுல துரு இருந்தா, என்ன பண்ணாலும் இருமிக்கிட்டேதான் கெடக்கும்" என்பார்.

டேங்க்குக்குள் புளித்தண்ணீரும் ஒரு கை கூழாங்கல்லும் போட்டு வாயை அடைத்தோம். நாள் முழுக்கக் குலுக்க வேண்டும். யாரால் முடியும்? அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டி, டேங்க்கை அதில் போட்டு, கட்டிலில் சாய்ந்தபடி கயிற்றை இழுத்து ஆட்டினார் சித்தப்பா. தூளி என்று கட்டிவிட்டால் சும்மா ஆட்டலாமா? நான் ஆராரோ பாடினேன்.

பாட்டைக் கேட்டு எதிர்வீட்டு அத்தை உள்ளே வந்தார்.

"யாரு புள்ளடி இது? என்னடி, வயித்துக்குள்ள இப்படிக் கடகடங்குது?"

"சித்தப்பா புள்ள" என்றேன்.

கல்யாணமாகாத சித்தப்பா கயிற்றை விட்டுவிட்டார். அத்தை சேலையை விலக்கிப் பார்த்தார்.

"அட மனுசா! பொண்டாட்டி வாரதுக்கு முன்னாடியே புள்ளையா? அதுவும் துருப்புடிச்ச புள்ள!"

சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊரே பிள்ளை பார்க்க வந்தது. ஒருவர் பிஸ்கட் பாக்கெட்கூட வாங்கி வந்தார். பிள்ளைக்குப் பல் இல்லாததால் நான் தின்றேன்.

எல்லாம் மாட்டி முடித்தோம். திருநாள் காலையில்தான் ஆயில் தீர்ந்துபோனது தெரிந்தது. இந்த மாதிரி என்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். திருநாள் என்று கடையெல்லாம் அடைப்பு. பூசை முடிகிற மணியும் அடித்துவிட்டது. சித்தப்பா வண்டிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்த அம்மா, விளக்கெண்ணெய் பாட்டிலோடு வெளியே வந்தார்.

"இந்தாங்க தம்பி. மனுசன் வயித்துக்குப் போறது வண்டி வயித்துக்குப் போகாதா?"

சித்தப்பா பாட்டிலையே பார்த்தார். "அண்ணி! அந்தக் காலத்துல ரேஸ் வண்டிக்கே இதத்தான் ஊத்துனாங்களாம்!"

விளக்கெண்ணெய் லேசில் கலக்காது. கை வலிக்க வலிக்கக் குலுக்கினேன். ஊற்றியதும் சித்தப்பா சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பட்டன.

"நீ ஒதை, தங்கம். நீ ஒதைச்சாத்தான் புடிக்கும்."

உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். இருமியது. அம்மா அந்தோணியாரைக் கூப்பிட்டார். அடுத்த உதையில் பிடித்தது பாருங்கள், பலகாரச் சட்டியும் கஷாயமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, தெருவை மறைக்கிற வெள்ளைப் புகை! பின்னால் தொற்றிக்கொண்டேன். கோயில் வாசலில் புகைக்குள் சாமியார் பெரிதாகத் தும்மினார். தெளித்த தீர்த்தத்தில் பாதி அப்பா மேல் விழுந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "நம்ம தம்பி வண்டி" என்றார்.

மந்திரித்ததும் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். சித்தப்பா திருப்பவில்லை. ஊர் வளைவைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

"எங்க போறோம் சித்தப்பா?"

"தெரியல தங்கம். போவோம்!"

அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பொகைடி" என்றார். புகையெல்லாம் பின்னால் இருந்த என்மேல்தான் அடித்தது. முன்னால் இருந்தவர் கண்ணில் எப்படிப் பட்டது என்று எனக்கு விளங்கவில்லை. என் வண்டியை அவருக்கு ஓட்டக் கொடுத்த பெருமையில் உட்கார்ந்திருந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில் வாசலில் அந்தச் சின்ன வண்டி நிற்கும். வருகிறவர்கள் அவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் உங்கள் சாமியிடம் கேளுங்கள். போன இடத்தில் அவரை யாரும் பின்சீட்டில் உட்கார வைத்துவிடக் கூடாது. அது ஒன்றை எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.