முப்பத்து மூன்று மணி நேரக் கரு

வடிதாளில் வெட்டிய ஒரு வளையம். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை. மஞ்சள் கருவின் மேல் ஒட்டியிருக்கும் கோழிக்கருவைப் பிரித்தெடுக்க எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதைத்தான் பயன்படுத்தினோம். வெதுவெதுப்பான உப்புநீருக்குள் முட்டையை உடைத்து ஊற்றி, கரு ஓட்டைக்குள் வரும்படி வளையத்தை வைக்க வேண்டும். ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் சவ்வைக் கத்தரித்து இடுக்கியால் தூக்கினால் கருவும் கூடவே வரும். வளையங்களை வெட்டி அடுக்கி வைப்பவர் ஆய்வக உதவியாளர். மாணவர்களுக்கு அவர் லேப் அண்ணா. ஒப்பந்த ஊழியர். பணி நிரந்தர உத்தரவு அந்த வருடம் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

முட்டைகளையும் அவர்தான் கொண்டுவருவார். கடை முட்டையில் கரு இருக்காது என்பதால், சேவலோடு திரியும் நாட்டுக்கோழிகளின் முட்டைகளைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்து வாங்குவார். இட்ட முட்டையில் கரு ஒரு வெண்புள்ளிதான். அதற்குள் பல ஆயிரம் செல்கள் உண்டு. சூடு கிடைக்காதவரை வளராமல் காத்திருக்கும். இன்குபேட்டரில் வைத்த பிறகு வளர்ச்சி மறுபடி தொடங்கும். ஆகவே வைத்த நேரத்திலிருந்து கருவின் வயதைக் கணக்கிடுவோம். லேப் அண்ணா ஒவ்வொரு ஓட்டின் மேலும் அந்த மணிக்கணக்கைப் பென்சிலால் எழுதியிருப்பார்.

கருவிலேயே வயதைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. முதல் நாள் முடியும் தறுவாயில் வருங்கால முதுகெலும்பின் இருபுறமும் சின்னச் சின்னக் கட்டிகள் ஜோடி ஜோடியாகத் தோன்றத் தொடங்கும். சோமைட் என்று பெயர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஜோடி கூடும். முப்பத்து மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு ஜோடி இருக்கும், இதயம் கிட்டத்தட்ட நேரான குழாயாக இருக்கும். இரண்டாம் நாள் முடிவில் அந்தக் குழாய் வளைந்து துடித்துக்கொண்டிருக்கும், தலை ஒருபக்கமாகத் திரும்பத் தொடங்கியிருக்கும்.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வு ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. எங்களுக்கு வந்த முட்டைகளில் 33 என்று எழுதியிருந்தது. கருவை எடுத்து வரைந்து, அதன் வயதைக் காரணத்தோடு எழுத வேண்டும். நான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இதயம் வளைந்து துடித்துக்கொண்டிருந்தது. சோமைட்டுகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் இருபத்தொரு ஜோடி.

அந்த நேரத்தில் லேப் அண்ணா என் மேசையில் உப்புநீரை மாற்றினார். “ஆறிப்போறதுக்குள்ள வரைஞ்சுடும்மா” என்றார். என் முழங்கைக்கு அருகில்தான் நின்றார். ஓட்டில் இருந்த எண்ணும் என் கண்முன்னே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ‘ஏறத்தாழ 46 மணி நேரம்’ என்று எழுதினேன்.

மற்ற பதினொரு பேரும் 33 என்று எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் நுண்ணோக்கியில் குனிந்து தானும் எண்ணினார். பிறகு துறைத்தலைவரை அழைத்தார்.

“எப்ப வெச்சே?” என்று கேட்டார் துறைத்தலைவர்.

“நேத்து காலைல அஞ்சு மணிக்கு சார்.”

“வந்து பாரு.”

லேப் அண்ணா குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும், “செவ்வாக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கே வெச்சிட்டேன் சார். பௌர்ணமி. நானும் வீட்லயும் மலை சுத்துறோம், கொழந்தைக்காக. பன்னெண்டு பௌர்ணமி வேண்டுதல். இது பன்னெண்டாவது. ராத்திரி சுத்தி முடிச்சிட்டு அந்தக் கூட்டத்துல அஞ்சு மணிக்கு வந்து சேர முடியாதுன்னு...” என்றார்.

“அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? பொய் வேற.”

எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மற்றவர்களுக்கும் குறைக்கவில்லை. அடுத்த மாதம் லேப் அண்ணாவின் ஒப்பந்தத்தைக் கல்லூரி புதுப்பிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்து, கலெக்டர் அலுவலக மனுநாள் கூட்டத்துக்காக வேங்கிக்கால் போயிருந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து குரல் வந்தது. “வாம்மா, இருபத்தொண்ணு.”

லேப் அண்ணா. உள்ளே அவர் மனைவி மனுக்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். “பேப்பர்ல சேந்துட்டியாமே. நல்லா எண்ணுவே, அதுக்குச் சரியான ஆளுதான்” என்று லேப் அண்ணா சிரித்தார். நான் மன்னிப்பு கேட்கும் தோரணையில் ஏதோ ஆரம்பித்தேன்.

“நீ எழுதுனது தப்பில்லம்மா. எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்துலயேதானே நின்னுனு இருந்தேன்.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“முப்பத்து மூணுன்னே எழுதுன்னு சொல்லியிருப்பேன்.”

“நான் எழுதியிருக்க மாட்டேன்ணா.”

“மாட்டேன்னு தெரியும். ஆனா விஷயம் வெளிய வரப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? அவரு கூப்புட்டுக் கேக்கறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லியிருப்பேன். திட்டிட்டு விட்டிருப்பாரு. போன வேலை தப்புக்காகப் போகல, பொய்க்காகப் போச்சு.”

குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே இயந்திரத்தில் தாள் சிக்க, அவர் எழுந்து போனார்.

பன்னிரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். யாரைக் குறித்து எழுதுகிறேனோ அவரிடம் சொல்லாமல் அனுப்புவதில்லை. சிலர் திட்டுவார்கள், சிலர் போனை எடுப்பதே இல்லை. சென்ற வாரம் ஓர் அலுவலக எழுத்தரின் மேசைக்கு முன் நின்று, அவர் கையெழுத்திட்ட பதிவேட்டில் தேதி மாற்றப்பட்டிருப்பதைச் சொன்னேன். செய்தி நாளை பேப்பரில் வரும் என்றும் சொன்னேன். அவர் என்னையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பத்து நிமிஷம் கொடுங்க மேடம்” என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார்.

நான் வெளியே வந்து டீ குடித்தேன். மறுநாள் முதல் பக்கத்துக்கு என்று ஒதுக்கியிருந்த செய்தி, தவறை ஊழியரே ஒப்புக்கொண்டார் என்ற வரியுடன் ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது.