சித்தி போர்டில் இருக்கிறாள்

அவள் வேலை செய்கிற ஓட்டலின் நிர்வாக போர்டிலேயே அவள் உறுப்பினராகிவிட்டாளாம். இந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் காதுக்கு வந்தது.

கொண்டுவந்தவள் பெரியம்மா மகள். கடல் தாண்டி இருப்பவள். போனை எடுத்த எடுப்பில், "எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா மேடம்?" என்றாள். குரலில் பாதி வாழ்த்து, பாதி வயிற்றெரிச்சல்.

"யாருடி மேடம்?"

"நடிக்காத. போர்டு மெம்பராமே நீ. கமிட்டி வேறயாம். ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ நான், எனக்கு எவளோ சொல்லித் தெரிய வேண்டியிருக்கு."

அவள் அப்போது ஓட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை விழுங்கித் தேய்த்துத் துப்புகிற ராட்சச இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை இழுத்துப் பிடித்து நுழைக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய், மாடு மென்று போட்டதுபோல வெளியே வரும். அந்த ஓட்டலில் அவளுக்குத் தெரிந்த போர்டுகள், இஸ்திரி போர்டு, சுவிட்ச் போர்டு, பிறகு 'கையை உள்ளே விடாதீர்' என்று சுவரில் தொங்குகிற போர்டு. எதிலும் உறுப்பினர் சேர்க்கை நடப்பதாகத் தெரியவில்லை.

உடனே மறுத்திருக்கலாம். ஆனால் மேடம் என்று அவளை யாரும் கூப்பிட்டதே இல்லை. சலவைக்கூடத்தில் "ஏய், மூணாவது மெஷின்" என்பார்கள். அந்த ஒரு சொல் நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றாள். புதுப் புடவையைப் பாராட்டினால் 'இது பழசுதான்' என்பார்களே, அதே ராகத்தில். பெரியம்மா மகளுக்கு ராகம் நன்றாகவே புரிந்தது. ஆக, உண்மைதான்.

புரளி கிளம்பிய இடம் வேறெங்கும் இல்லை, அவள் வீட்டு சோபாதான். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலில் ஊறிவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் வார்த்தைக்கு ரேஷன் போட்டுவிடுவார். அவருடைய தங்கை போன் செய்திருக்கிறாள்.

"அண்ணா, அண்ணி எங்க?"

"போர்டுல இருக்கா."

"எந்த போர்டுல?"

"இங்கதான். வேலை முடிஞ்சா நேரா அதுலதான் போய் நிக்கிறா."

"நிக்கிறாங்களா! எலெக்‌ஷன்லாம் வச்சா எடுக்கறாங்க?"

"கமிட் பண்ணணுமாம். அது மட்டும் வந்துட்டா அப்புறம் பயமில்லையாம்."

"கமிட்டியா!"

"ம்" என்றிருக்கிறார் மனிதர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அண்ணி வேலை செய்கிற ஓட்டலின் போர்டுதான் அது என்று தங்கை தானாகவே முடிவு கட்டிவிட்டாள்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சித்தி போர்டில்தான் இருந்தாள். நான்கு சக்கரம் வைத்த போர்டில்.

சித்தி என்பது ஸ்கேட்பார்க்கில் அவளுக்கு விழுந்த பெயர். குடியிருப்புக்கு எதிரே, மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது அந்த இடம். தண்ணீர் விட மறந்துபோன நீச்சல் குளம்போல ஒரு பள்ளம், எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு, யாரும் பிடித்து இறங்காத ஒரு கைப்பிடிக் கம்பி. எல்லாம் சிமென்ட்டும் இரும்பும். போன வருஷம் கட்டினார்கள். அன்றிலிருந்து சாயந்தரமானால் பலகைச் சத்தம். இஸ்திரி மெஷினின் இரைச்சலைக் காதில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறவள் சித்தி. ஒருநாள் தலைவலி தாங்காமல், சமையல் கரண்டியோடு கீழே இறங்கிப் போனாள்.

"ஏண்டா, உங்க வீட்டுலயெல்லாம் பெரியவங்களே கிடையாதா?" என்று கத்தினாள்.

முழங்காலில் பட்டை கட்டிய ஒருவன் நிதானமாகத் திரும்பிப் பார்த்தான். முடிதிருத்துகிறவன். மூன்று முறை முட்டி உடைந்து மூன்று முறையும் இங்கேயே திரும்பி வந்ததால் அவனுக்கு முட்டி என்றே பெயர். "இல்லையே. நீங்க இருந்துடுங்களேன் சித்தி" என்றான்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கரண்டியைப் பிடித்தபடி எப்படிக் கோபமாக நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருத்தியின் காலிலிருந்து தப்பித்த பலகை ஒன்று உருண்டு வந்தது. "போர்டு!" என்று மொத்தப் பேரும் ஒரே குரலில் அலறினார்கள். ஓடுகிற பலகை யார் கணுக்காலையும் பதம் பார்த்துவிடக் கூடாது என்பதற்கான கூப்பாடு அது. சித்திக்கு அது தெரியாது. தன்னிடம்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்து, பலகையைக் காலால் மிதித்து நிறுத்தினாள். மிதித்த கால் அதன்மேலேயே இருந்தது. இன்னொரு காலையும் எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் வந்தது. வைத்தாள். கரண்டி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள்.

சண்டை போடப் போனவள் அடுத்த வாரம் முட்டிக்காப்பு வாங்கினாள்.

பார்க்குக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. வரிசை கிடையாது, ஆனால் வரிசை உண்டு. கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினால் உன் முறை. ஆட்டாமல் குறுக்கே புகுந்தால் பாம்பு என்பார்கள். ஒருவர் நல்லபடியாக ஒன்றைச் செய்து முடித்தால் யாரும் கைதட்டமாட்டார்கள், தங்கள் பலகையின் வாலைத் தரையில் அடிப்பார்கள். அவளுக்குத் தலைவலி கொடுத்த சத்தம் எதுவோ அதுதான் பாராட்டு என்று தெரிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அப்புறம் அதுவே வேண்டும்போல இருந்தது.

அவள் கற்றுக்கொள்ள நினைத்தது ஒன்றே ஒன்று. பள்ளத்தின் விளிம்பில் பலகையின் வாலை வைத்து, பின்காலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். முன்சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். பிறகு முன்காலை வைத்து, உடம்பு மொத்தத்தையும் முன்னால் சாய்த்து ஓங்கி மிதிக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை போய்விடும், பின்பக்கம் தரைக்கு வரும். "கமிட் பண்ணுங்க சித்தி" என்று, அதாவது தயங்காமல் முழுசாக இறங்கச் சொல்லி, எல்லோரும் கத்துவார்கள். அவள் விளிம்பு வரை போவாள், காலை வைப்பாள், எடுப்பாள், "செருப்புல கல்லு" என்று சொல்லிவிட்டுப் படிவழியே இறங்கிவிடுவாள். காலில் இருப்பது ஷூ என்பதை நாகரிகம் கருதி யாரும் சுட்டிக்காட்டியதில்லை.

இதற்கிடையில் புரளி தன் பாட்டுக்கு வளர்ந்து அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் மாத்திரைக் கம்பெனி ஒன்றின் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். ஐம்பதைத் தாண்டியவர். மேனேஜராக வந்திருப்பவனுக்கு மீசை இப்போதுதான் சரியாக முளைத்திருக்கிறது என்பது அவருடைய நிரந்தர வயிற்றெரிச்சல். தங்கை சின்னவளாக இருந்தபோது சைக்கிள் கேட்டாள் என்று வீட்டில் பேச்சு வந்தது. "கீழ விழுந்து பல்லு போச்சுன்னா எவன் கட்டிப்பான்?" என்று அந்தப் பேச்சை அப்படியே முடித்துவைத்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் போன் செய்தார்.

"ஏம்மா, நான் அப்பவே சொன்னேன்ல, இவ பெரிய ஆளா வருவான்னு."

எப்போதும் சொன்னதில்லை. ஆனாலும் சித்திக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை.

"என்னண்ணே நீங்க..."

"இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் தங்கச்சி போர்டுல இருக்கான்னு. அந்தப் பய மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! சரி, உங்க ஓட்டல்லயும் ஸ்டோர்ஸ் இருக்கும்ல? ஆள் எடுப்பாங்கல்ல? போர்டுல ஒரு வார்த்தை போட்டு வை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? நாற்பத்தைந்து வயதில் சக்கரத்தின் மேல் ஏறி ஆடுகிறேன், அதுதான் போர்டு என்றா? ஜென்மத்தில் முதல் தடவையாகத் தங்கையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற மனிதரிடமா?

"பாக்கலாம்ணே" என்றாள்.

அவளைப் பொறுத்தவரை அதற்கு 'நடக்காது' என்று அர்த்தம். சொந்தபந்தத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் புரியும். ஆனால் பெரிய இடத்தில் இருப்பவர்கள் சொல்கிற 'பாக்கலாம்' வேறு. அதற்கு 'முடிஞ்ச மாதிரிதான்' என்று அர்த்தம். தான் எந்த இடத்திலிருந்து அதைச் சொல்கிறோம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அவளுடைய வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. காலை வேளையில் பார்க்கில் கூட்டம் இருக்காது. கடைக்கு விடுமுறை விட்டிருந்த முட்டி இருந்தான். அறுவை சிகிச்சை அறையில் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பார்க்கில் அவளுக்கு மயக்கம் என்று பெயர். இன்னும் இரண்டொருவர் இருந்தார்கள். சித்தி விளிம்பில் போய் நின்றாள்.

"செருப்புல கல்லா சித்தி?" என்றான் முட்டி.

அந்தக் கேள்வியில் வந்த ரோஷம்தான். முதல் தடவை மிதித்தாள், பின்னால் சாய்ந்தாள். பலகை தனியாகப் பள்ளத்துக்குள் பறந்தது. "போர்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். எழுந்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி ஏறினாள். இரண்டாம் தடவை முன்காலை ஓங்கி மிதித்தபோது வயிறு ஒரு நொடி மேலேயே தங்கிவிட்டு அப்புறம் வந்து சேர்ந்தது. கண்ணைத் திறந்தபோது பள்ளத்தின் மறுபக்கத்துச் சரிவில் பாதி ஏறியிருந்தாள், நின்றபடி.

டக், டக், டக், டக். எல்லாப் பலகைகளும் தரையில் மோதின. மேம்பாலத்துக்கு அடியில் அது இடிமாதிரி கேட்டது. எந்த மாடியிலிருந்தோ ஒரு கிழவர், "சனியன்களா!" என்று கத்தினார். சித்தி அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆட்டியபோதுதான் மணிக்கட்டு வீங்கியிருப்பது தெரிந்தது.

மயக்கம் அவளை உட்காரவைத்து ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. போனில் குரல் செய்தி ஒன்று வந்தது. அண்ணன் மனைவி அனுப்பியது. ஒரு கை உபயோகத்தில் இல்லாததால் சித்தி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஏம்மா, நீயாவது அவருகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா? மத்தியானம் அந்த மேனேஜர் வந்ததும் வேலையை மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வரேன்னு கிளம்பிப் போயிருக்காரு. 'பாக்கலாம்'னு நீ சொல்லிட்டியாம். போர்டுல இருக்கவ வாய்ல வந்தா வந்ததுதானாம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் ஒண்ணும் சொல்லல. பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கு. இந்த வயசுல இதை விட்டா இங்க யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா? அங்க எல்லாம் உறுதிதானே? அதை மட்டும் சொல்லிடும்மா."

முட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போர்டுன்னா... இந்த போர்டா?" என்று தன் பலகையைத் தூக்கிக் காட்டினான்.

"சிரிச்சே, கொன்னுடுவேன்."

"சரி சரி. போன் பண்ணி உள்ளதைச் சொல்லுங்க சித்தி. இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? மானம் இருக்கு. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. நாளைக்கு அந்தச் சின்னப் பய முன்னாடி எப்படிடா நிப்பாரு?"

"வேலை இருந்தாத்தானே அவன் முன்னாடி நிக்கவே முடியும்" என்றாள் மயக்கம், கட்டை இறுக்கியபடி. "மணிக்கட்டை ஆட்டாதீங்க."

சித்தி சொல்லிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு சின்னக் குழப்பம்..."

"சின்னக் குழப்பம்னா போனை வச்சுடுவாரு" என்றான் முட்டி. "நேரா சொல்லுங்க. நான் டைரக்டர் இல்ல, வேலை வாங்கித் தர முடியாது, ராஜினாமா பண்ணாதீங்க. அப்புறமா சக்கரத்தைப் பத்திச் சொல்லிக்கலாம்."

"சக்கரத்தைச் சொல்லலன்னா நம்ப மாட்டாரு. அடக்கமாப் பேசறேன்னு நினைப்பாரு."

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடது கைக் கட்டைவிரலால் அண்ணனின் எண்ணைத் தேடி அழுத்தினாள். 'அண்ணே, நான் துணி தேய்க்கிறவ. சாயந்தரமானா சக்கரம் வச்ச பலகையில விளையாடுறவ. அவ்வளவுதான் என் போர்டு. வேலையை விட்டுடாதீங்க.' அவர் எடுத்தவுடன், ஒரே மூச்சில், ஹலோ என்று அவர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெருமையாகக் கூப்பிட விட்டுவிட்டால் வாய் வராது.

மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

"கோடவுன்ல சிக்னல் இருக்காது" என்றான் முட்டி.

"இருக்கும். உள்ள நின்னுக்கிட்டுத்தான் என்னோட பேசுவாரு."

"அப்ப சாப்பிடப் போயிருப்பாரு."

அல்லது மேனேஜரின் அறைக்குள் இருப்பார். மயக்கம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கையை இறக்கிக்கொண்டாள். சித்தி மறுபடி அழுத்தினாள். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டளவில் முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.