அவசரத்துக்கு அழைக்க

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டிலில் மலசலகூடம் கழுவும் அசிட் கலந்து விற்பவர் குணலட்சுமி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கனடாவில். வீட்டில் பேச ஆளில்லாத குறை கொட்டிலில் தெரிந்ததில்லை. அசிட் வாங்கப் புத்தூரிலிருந்தெல்லாம் பெண்கள் வெறும் சோடாப் போத்தலோடு வருவார்கள். போத்தலை நிரப்பக் கொஞ்ச நேரம், மாமியாரைத் திட்ட அரைநாள். குணலட்சுமியும் சும்மா இருக்கமாட்டார், பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுப்பார்.

பிறகு அசிட் விற்பனைக்குப் புது ஒழுங்குவிதிகள் வந்தன. மூலப்பொருளை இறக்குமதி செய்யும் கொழும்புக் கம்பனி, சட்டப்படி நடந்தால்தான் இனிச் சரக்கு என்று சொல்லிவிட்டது. பரிசோதிக்க வந்த அதிகாரி கேதீஸ்வரன் அதட்டவில்லை.

"அம்மா, குடிக்கிற போத்தலிலை உந்த அசிட்டை நிரப்பிக் குடுக்கக் கூடாது. சின்னப் பிள்ளையள் சோடா எண்டு குடிச்சால்?"

"ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான்."

சரியாக இருந்ததுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். பிழையென்றால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அதன்பின் இறுக்கி மூடிய புதுப் போத்தல். மேலே மூன்று மொழியிலும் எச்சரிக்கை, ஆபத்துக் குறி, அவசரத்துக்கு அழைக்கக் குணலட்சுமியின் தொலைபேசி இலக்கம். வான் வண்டி வந்து பெட்டிகளைக் கடைகளுக்கு ஏற்றிப்போகும். கொட்டிலை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு லேபல் ஒட்டினார். தனிமை அவரைப் பிடுங்கித் தின்றது.

ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். யாரோ தன்னைத் தேடுகிறார்கள் என்று மனம் துள்ளியது.

"உங்கடை அசிட் பிள்ளையின்ரை கண்ணிலை பட்டிட்டுது!" என்று ஒரு பெண் அலறினாள். ஊர் மயிலிட்டியாம், பெயர் கோபிகாவாம். தங்கைக்குப் பாதி கொடுக்கவென்று கடைப் போத்தலிலிருந்து சோடாப் போத்தலுக்கு ஊற்றும்போது, பக்கத்தில் நின்ற மகனுக்குத் தெறித்துவிட்டது.

"பைப்பைத் திறந்து கண்ணைக் கழுவுங்கோ. நிப்பாட்டாமல் கழுவுங்கோ. பிறகு நேரே ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடுங்கோ!"

மணி அடித்ததற்குச் சந்தோசப்பட்டோமே என்று குணலட்சுமிக்கு உடம்பு கூசியது. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரே அந்த இலக்கத்துக்கு எடுத்தார். கண் தப்பிவிட்டது என்று கோபிகா சொன்னாள். குணலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை. பையன் என்ன படிக்கிறான், மீன் சாப்பிடுவானா என்றெல்லாம் கேட்டார். இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்தார். அந்த வாரம் முடியுமுன் இன்னொரு தரமும் எடுத்தார்.

அன்று கோபிகா இடைமறித்தாள்.

"அன்ரி, நீங்கள் ஏன் திருப்பித் திருப்பி எடுக்கிறியள் எண்டு எனக்கு விளங்குது. பயப்பிடாதேங்கோ. நாங்கள் ஒருத்தரிட்டையும் முறைப்பாடு குடுக்கமாட்டம்."

இல்லைப் பிள்ளை, உன்னோடு கதைக்கத்தான் எடுத்தேன் என்று குணலட்சுமி எந்த வாயால் சொல்வது?

"ஓம் பிள்ளை, பெரிய உபகாரம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த இலக்கத்துக்கு எடுக்கவில்லை.