போடியார் சுமந்த கடிதம்

சாய்ந்தமருதில் எங்கள் அடுத்த வளவு பெரியவாப்பாவுடையது. வயலும் எருமைப் பட்டியும் உள்ள போடியார் அவர். அவர் வீட்டுக் குசினியில் நான் ராத்தா என்று கூப்பிட்ட வேலைக்கார அக்கா ஒருவர் இருந்தார். ‘வளத்துக் கட்டிக் குடுப்பம்’ என்று ஏழு வயதில் கூட்டிவந்தவர்கள், வளர்த்ததோடு மறந்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, படலையைத் தாண்டவும் விடமாட்டார்கள். பட்டியில் மாடு மேய்த்த அவருடைய கூடப்பிறந்த காக்கா தங்கையைக் கூட்டிப்போகக் கேட்டு வந்தால், “அவள் வரமாட்டாளாம்” என்று பெரியவாப்பாவே பதில் சொல்லி அனுப்புவார். ராத்தா அதைக் கேட்டுக்கொண்டே தேங்காய் துருவுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதப் பழக்குவார்கள், எழுதப் பழக்கமாட்டார்கள். பழக்கினால் கடிதம் எழுதிவிடுவார்களாம்! எட்டு வயதுக்காரி நானோ ஓதிக்கொடுக்கும் லெப்பையின் மகளைச் சிநேகம் பிடித்து, தமிழை அரபு எழுத்தில் எழுதக் கற்றுவிட்டேன். வித்தையைக் காட்ட ஆள் வேண்டுமே. ராத்தாவை அடுப்புச் சாம்பலில் எழுதவைத்தேன். பிழைவிட்டால் அகப்பைக் காம்பால் அடி. பாவம், சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்.

ஒருநாள் ராத்தா எழுதிய தாள் பெரியவாப்பாவிடம் அகப்பட்டது. தாளும் பென்சிலும் நான் கொடுத்தவை. எனக்கு உயிரே போய்விட்டது.

“இதென்னடி?”

“மாட்டு நோய்க்கு இசிம், போடியார். பட்டியில காக்காட்டக் குடுத்தா மாட்டுக் கழுத்துல கட்டிருவாரு,” என்றார் ராத்தா, கண் இமைக்காமல்.

பெரியவாப்பா சிறுவயதில் லெப்பையின் பிரம்புக்குப் பயந்து ஓதப்பள்ளியை விட்டே ஓடியவர். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்த விஷயம், ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. தாளைத் தலைகீழாகப் பிடித்து உதட்டை அசைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கைகால் கழுவி வுழூச் செய்து, தொப்பி போட்டு, வண்டி கட்டித் தானே பட்டிக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் காக்கா, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரோடு வந்து நின்றார். மரைக்கார் முற்றத்தில் வைத்து உரத்து வாசித்தார்: “காக்கா, வரமாட்டன் எண்டு நான் ஒரு நாளும் சொல்லல்ல. மரைக்காரோட வந்து என்னைக் கூட்டிப் போங்க.”

பெரியவாப்பா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “அப்ப மாட்டுக்கு இசிம்?” என்றார்.

ராத்தா அன்றே போனார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இருந்த ஒரே மாணவியும் போகிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் வாப்பா வெளியே போனதும் உம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, “எனக்கும் எழுதப் பழக்கித் தா மகள்,” என்றார். உம்மாவின் காக்காமார் எல்லாரும் அடுத்த தெருவில்தான் இருந்தார்கள். கூப்பிட்டாலே கேட்குமே, இவருக்கு எதற்குக் கடிதம் என்று எனக்கு விளங்கவில்லை.