இரண்டாம் பிரிவு

பிரதி எடுப்பதற்காகத் தட்டச்சு செய்த, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை ஜன்னலில் தூக்கிப் பிடித்தால், எழுத்து விழுந்த இடங்களில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் தட்டச்சுப் பெண்மணி அப்படித்தான் பிழை பார்ப்பார். எண்பதுகளின் பிற்பகுதி அது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரங்களுக்கான தரநிலை ஏட்டைத் தொகுப்பது என் வேலை. அடுத்த கூடத்தில் பிரஸ் இறங்கும் அதிர்வு பகலெல்லாம் தரை வழியே பாதத்தில் ஏறும். அந்தத் தாளத்தில் பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாகப் பிரிவுகளை வரிசைப்படுத்தினேன். நோக்கம், சொல் விளக்கம், அளவு, சோதனை. இயந்திரத்தை அவசரமாக நிறுத்தும் முறை கடைசிப் பிற்சேர்க்கை. பழைய ஏடுகள் அப்படித்தான் இருந்தன. வேறு விதமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மழை மதியம் அவர் கடைசித் தாளோடு என் மேசைக்கு வந்தார். "இன்னா சார் இது? மிஷினை நிறுத்தறது எப்டின்னு அறுபதாம் பக்கத்துல கீது. அம்மாம் தூரம் யாரு பொரட்டிகினு போவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. மண்ணூர்பேட்டையில் அவரோடு வசிக்கும் தம்பி, வேறொரு பட்டறையில் பிரஸ்ஸுக்கு மூன்று விரல்களைக் கொடுத்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இருவரும் மேலாளரிடம் போனோம். "பிரிவை முன்னால கொண்டுவந்தா எல்லா எண்ணும் மாறும். அறுபது பக்கத்தையும் யாரும்மா திரும்ப அடிக்கிறது?" என்றார் அவர்.

"நான் அடிக்கிறேன் சார்."

எட்டு நாள் அடித்தார். மழை ஓயவில்லை, தட்டச்சின் ஓசை எது, தகரக் கூரையின் ஓசை எது என்று பிரித்தறிய முடியாத நாட்கள். நிறுத்தும் முறை இரண்டாம் பிரிவானது. அதன் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம்பிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலை வந்ததும் சொன்னார்: "ஒண்ணு உட்டுட்டீங்களாம் சார். ரெண்டு பேர் நிக்கிற மிஷின்ல ஒருத்தன் நிறுத்திட்டு உள்ளே கைய உட்டா, அவன் சொல்ற வரைக்கும் இன்னொருத்தன் ஓட்டக் கூடாதாம்."

தம்பிக்கு நேர்ந்தது அதுதானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிரிவின் கடைசியில் ஒரு எண் கொடுத்து அதையும் அடித்தார். மேலாளர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

இப்போது கணினியில் ஒரு பிரிவை இழுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கிறார்கள். எண்கள் தாமாகவே மாறிக்கொள்கின்றன. தரநிலை ஏட்டில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஏட்டின் மற்ற வாக்கியங்களையெல்லாம் நான் வேறு புத்தகங்களைப் பார்த்து எழுதினேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் மண்ணூர்பேட்டையிலிருந்து வந்தது.