ஓரத்தில் நின்ற அம்மா

அம்மா போன பிறகுதான் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. அடையாள அட்டையில் இருந்ததும் ஈரத்தில் அழிந்திருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிய பிள்ளைக் காம்பராவைத் திறந்த அன்று டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் இருந்தார். நடுவில் தோட்டத்தை நடத்தும் துரை, ஓரத்தில் ஆரத்தித் தட்டோடு அம்மா.

அதைச் சீடியில் வாங்கிக்கொண்டு கஹவத்தை ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

"ஓரத்துல வெள்ளை விடவா, பிரேம் நெறைய அடிக்கவா?" என்று கேட்டார்.

"நெறையவே அடிங்கண்ணே" என்றேன். அம்மா பெரிதாகத் தெரிவார் என்று நினைத்தேன்.

அச்சாகி வந்த படத்தில் துரை பளிச்சென்று சிரித்தார். தட்டு இருந்தது, அதைப் பிடித்த விரல்கள் இருந்தன. அம்மா இல்லை.

"ஓரத்துல வெட்டுப்பட்டிருக்குங்கண்ணே."

"நெறைய அடிச்சா ஓரம் போகும்தான் தம்பி. முக்கியமான ஆளு படத்துல முழுசா விழுந்திருக்காரே!"

"வெட்டுப்பட்டது எங்கம்மாங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைப் பெற்ற அம்மாவும் எங்கள் மலையில் கொழுந்து பறித்தவர்தான்.

"அப்ப அம்மாவ மட்டும் பெருசாக்கிக் குடுங்க."

"தூரத்துல நிக்கிறாங்க. பெருசாக்குனா மூஞ்சி தெரியாது."

கடைசியில் வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அடித்துத் தந்தார். அதைத்தான் சுவரில் மாட்டினோம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவுக்கு விளக்கு வைத்துக் கும்பிடுகிறோம். நடுவில் நின்று சிரித்தபடி அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்கிறவர் துரை.